கதிரவனைச் சுற்றி வரும் சொற்கள்

பள்ளி முடிய அறிவியலைத் தமிழில் பயின்று கல்லூரிக்கு வரும் மாணவர்களுக்கு முதலாண்டில் பெருந்தொல்லை தருவது கணக்கு அன்று, சொல்தான். பாடத்தை நன்கு அறிந்தவர்கள்கூட ஆங்கிலப் பாடநூலைத் திறந்ததும் திகைத்துவிடுகிறார்கள். 'சூரிய அண்மை நிலை' என்று தாம் படித்ததே இங்கே 'பெரிஹீலியன்' என்ற பெயரில் நிற்கிறது என்று தெரிந்துகொள்ளச் சில வாரங்கள் ஆகிவிடுகின்றன. அதற்குள் சிலர் பொருள் அறியாமலே எழுத்துக் கூட்டி மனப்பாடம் செய்துவிடுகின்றனர். வேறு சிலர் "இயற்பியல் நமக்கு வராது" என்று ஒதுங்கிவிடுகின்றனர். ஒதுங்கியவர்களுக்கு உண்மையில் வராமற்போனது இயற்பியல் அன்று. ஒரு சில சொற்கள் மட்டுமே.

இந்த அச்சம் தேவையற்றது. ஏனெனில் இச்சொற்களில் பெரும்பாலானவை ஆங்கிலேயருக்கே சொந்தமானவை அல்ல. கிரேக்கத்திலிருந்தும் இலத்தீனிலிருந்தும் அவர்கள் கடன் வாங்கியவை. இலண்டன் நகரத்துச் சிறுவனும் 'பெரிஹீலியன்' என்ற சொல்லை முதன்முறை கேட்கும்போது நம்மைப் போலவே விழிக்கத்தான் செய்வான்.

தமிழ் மாணவரிடமோ பயனுள்ள கருவி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. ஒரு சொல்லைப் பகுதி, விகுதி, சந்தி என்று பிரித்துப் பார்க்கும் பகுபத உறுப்பிலக்கணத்தை நாம் பள்ளியிலேயே கற்றிருக்கிறோம். அதே கத்தியால் ஆங்கிலக் கலைச்சொற்களையும் அறுத்துப் பார்க்கலாம். கதிரவனைப் பற்றிய சில சொற்களை இங்கே அவ்வாறு பிரித்துப் பார்ப்போம். ஒன்றை மட்டும் முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். சொல்லின் வேர் பாதிப் பொருளைத்தான் தரும். மறுபாதியை இயற்பியலிடம்தான் கேட்டுப் பெற வேண்டும்.

மூன்று வேர்கள்

ஆங்கிலத்தில் கதிரவனைக் குறிக்க மூன்று வேர்கள் உள்ளன. முதலாவது 'சன்'. இது ஆங்கிலத்தின் வீட்டுச் சொல். சன்ரைஸ், சன்செட், சன்லைட், சன்டே என்று அன்றாட வாழ்வில் வழங்குவன எல்லாம் இதிலிருந்து வந்தவை. இரண்டாவது 'சோல்' என்னும் இலத்தீன் சொல். 'சோலார்' என்பதன் பகுதி இதுவே. மூன்றாவது 'ஹீலியோஸ்' என்னும் கிரேக்கச் சொல். ஹீலியம், ஹீலியோகிராஃப், பெரிஹீலியன் முதலியவை இதன் குடும்பம்.

இம்மூன்றும் ஒன்றுக்கொன்று அயலானவை போலத் தோன்றினாலும் மொழியறிஞர்கள் இவற்றை ஒரே பழம்பெரும் வேரிலிருந்து கிளைத்தவை என்பர். வடமொழியின் 'சூரிய' என்ற சொல்லும் அக்குடும்பத்தைச் சேர்ந்ததே. நம் ஞாயிறும் கதிரவனும் பகலவனும் வேறு குடும்பம்.

வேரைத் தேடும்போது போலி உறவினரிடம் எச்சரிக்கை வேண்டும். 'கல்வி' என்ற சொல்லில் 'கல்' இருப்பதால் அது பாறையைப் பற்றிய சொல் ஆகிவிடாது அல்லவா? அதுபோலவே, தனியாகப் பாடுவதைக் குறிக்கும் 'சோலோ', திண்மத்தைக் குறிக்கும் 'சாலிட்', கரைசலைக் குறிக்கும் 'சொல்யூஷன்' ஆகியவற்றுக்கும் கதிரவனுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. 'ஹெலிகாப்டர்' என்பதும் ஹீலியோஸின் பிள்ளை அன்று. அது 'ஹெலிகோ', 'ப்டெர்' என்று பிரியும். திருகுசுருள், சிறகு என்று பொருள்படும்.

நிற்கும் கதிரவன்

ஜூன் 21ஆம் நாளையொட்டியும் டிசம்பர் 21ஆம் நாளையொட்டியும் வரும் நிகழ்ச்சியை ஆங்கிலத்தில் 'சால்ஸ்டிஸ்' என்பர். சோல் என்பது கதிரவன். பின்பகுதி 'நிற்றல்' என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து வந்தது. ஆகவே 'கதிரவன் நிற்றல்' என்பது இதன் நேர்ப்பொருள்.

கதிரவன் உண்மையிலேயே நிற்கிறதா? நாள்தோறும் அது உதிக்கும் இடத்தை அடிவானத்தில் குறித்து வந்தால் விடை கிடைக்கும். மார்ச் 21ஐ ஒட்டிய நாட்களில் கதிரவனின் இடம் ஐந்தே நாட்களில் ஏறத்தாழ 2 பாகை வடக்கே நகர்ந்துவிடுகிறது. கதிரவனின் வட்டு வானில் அரைப் பாகை அகலம்தான் காணப்படுவதால், இது நான்கு வட்டுகளை அடுக்கிவைத்த தொலைவுக்குச் சமம். ஜூன் 21ஐ ஒட்டிய ஐந்து நாட்களிலோ நகர்ச்சி 0.1 பாகைகூட இல்லை. மேலே எறிந்த பந்து உச்சியை அடைந்ததும் ஒரு கணம் நின்று திரும்புவது போன்ற நிலை இது. திரும்பும் புள்ளியில் வேகம் சுழி என்று நாம் கணக்கில் படிப்பதே இங்கு வானில் எழுதப்பட்டிருக்கிறது.

உரோமர் கதிரவன் நிற்பதைக் கண்டனர். கிரேக்கர் அது திரும்புவதைக் கண்டனர். கடகரேகை, மகரரேகை இரண்டையும் குறிக்கும் 'ட்ராபிக்' என்னும் சொல்லின் வேர் கிரேக்கத்தில் திரும்புதலைக் குறிப்பது. தமிழில் கதிர்த்திருப்பம் என்று நாம் சொல்வதும் கிரேக்கர் கண்ட காட்சியே. ஆனால் மூவருமே கதிரவனின் மேல் ஏற்றிச் சொன்ன இந்த அசைவு, புவியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருப்பதால் விளைவது. அந்த மறுபாதியைச் சொல் தரவில்லை, இயற்பியல்தான் தருகிறது.

அண்மையும் சேய்மையும்

கிரேக்கத்தில் 'பெரி' என்றால் சுற்றி, அருகில் என்று பொருள். 'அபோ' என்றால் விலகி என்று பொருள். பெரியும் ஹீலியோஸும் சேர்ந்தால் பெரிஹீலியன்; அதாவது, சூரிய அண்மை நிலை. அபோவும் ஹீலியோஸும் சேரும்போது நம் புணர்ச்சி இலக்கணத்தில் நிகழ்வது போன்ற ஒரு திரிபு ஏற்படுகிறது. முதற்சொல்லின் ப-கர ஒலியும் அடுத்த சொல்லின் ஹ-கர ஒலியும் இணைந்து 'அஃபீலியன்' ஆகிறது. இது சூரிய சேய்மை நிலை.

இச்சொற்களை ஆக்கியவர் யோகான்னஸ் கெப்ளர். அவருக்கு முன்பு வானியலார் 'அபோஜீ', 'பெரிஜீ' என்னும் சொற்களையே வழங்கி வந்தனர். அவற்றில் உள்ள 'ஜீ' புவியைக் குறிப்பது. நடுவில் இருப்பது புவி அன்று, கதிரவனே என்று கோபர்னிகஸ் 1543இல் எழுதிய பின்னர், கெப்ளர் புவியை எடுத்துவிட்டு அவ்விடத்தில் ஹீலியோஸை வைத்தார். வானியலில் நிகழ்ந்த ஒரு பெரும் புரட்சி இந்த ஒற்றைச் சொல்மாற்றத்தில் அடங்கியிருக்கிறது. நிலவின் பாதைக்கு மட்டும் அபோஜீயும் பெரிஜீயும் இன்றும் நிலைத்துள்ளன. நிலவு சுற்றுவது புவியைத்தானே!

இங்கே ஒரு வினா. புவி கதிரவனுக்கு அண்மையில் வருவது எந்த மாதத்தில்? கோடையில் என்றே பலரும் விடையளிப்பர். உண்மையில் அது ஜனவரி முதல் வாரத்தில் நிகழ்கிறது. அப்போது தொலைவு ஏறத்தாழ 14.71 கோடி கிலோமீட்டர். ஜூலை முதல் வாரத்தில் சேய்மை நிலை, தொலைவு 15.21 கோடி கிலோமீட்டர். நமக்கு மார்கழிப் பனி பெய்யும் நாட்களில்தான் கதிரவன் மிக அருகில் இருக்கிறது. 'அண்மை நிலை' என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு வெப்பத்தை ஊகித்தால் வழுக்கி விழுவோம். பருவங்களைத் தீர்மானிப்பது தொலைவு அன்று. கதிர்கள் விழும் சாய்வும் பகலின் நீளமுமே.

ஓர் எழுத்து செய்யும் குழப்பம்

கதிரவனின் ஆற்றல் புவிப்பரப்பின்மீது விழுவதை 'இன்சொலேஷன்' என்பர். உள்ளே சோல் இருப்பதைக் காண்க. 'வெயிலில் வைத்தல்' என்பது இதன் மூலப்பொருள். வெப்பமோ மின்சாரமோ கடந்து செல்லாதபடி காப்பதை 'இன்சுலேஷன்' என்பர். எழுத்தில் இரண்டுக்கும் ஓர் உயிரெழுத்துதான் வேறுபாடு. தேர்வுத்தாள்களில் இவை இடம் மாறி அமர்வது வழக்கம்.

வேரை அறிந்தவர்க்கு இக்குழப்பம் வராது. இன்சுலேஷனின் வேர் 'இன்சுலா'. தீவு என்று பொருள். கம்பியைச் சுற்றிலும் இரப்பர் உறையிட்டால் அது கடல் சூழ்ந்த தீவைப் போலத் தனித்துவிடுகிறது. முன்னது வெயில், பின்னது தீவு. ஒருமுறை இதை நினைவில் இருத்தினால் வாழ்நாளில் மறவாது.

இன்சொலேஷனை அளக்கும்போது வரும் மற்றொரு சொல் 'சோலார் கான்ஸ்டன்ட்', அதாவது சூரிய மாறிலி. புவி தன் சராசரித் தொலைவில் இருக்கையில், காற்று மண்டலத்தின் உச்சியில், கதிர்களுக்கு நேர்குத்தாக வைத்த ஒரு சதுர மீட்டர்ப் பரப்பில் விழும் திறன் இது. பிரான்சு நாட்டு அறிஞர் கிளாட் பூயே 1838இல் இதனைச் சுமார் 1228 வாட் என மதிப்பிட்டார். இன்றைய மதிப்பு ஏறத்தாழ 1361 வாட். நீர் நிரப்பிய பாத்திரமும் வெப்பமானியும் கொண்டு அவர் இவ்வளவு நெருங்கியது வியப்புக்குரியது.

மாறிலி என்ற பெயரை நம்பி இது மாறாதது என்று எண்ணிவிடலாகாது. 1978 முதல் செயற்கைக்கோள்கள் அளந்து வந்ததில், சுமார் 11 ஆண்டுச் சுழற்சியில் இது ஏறத்தாழ 0.1 விழுக்காடு கூடிக் குறைவது தெரிய வந்தது. பெயர் மாறிலி, பொருளோ சற்றே மாறி.

விட்டு நீங்கலும் நிழலும்

'எக்லிப்ஸ்' என்பதன் கிரேக்க மூலத்திற்கு 'விட்டு நீங்குதல்' என்று பொருள். கதிரவன் நம்மைக் கைவிட்டுப் போய்விட்டான் என்ற அச்சம் அதில் ஒலிக்கிறது. 'கிரகணம்' என்னும் சொல்லோ 'பற்றுதல்' என்று பொருள்படுவது. ஏதோ ஒன்று கதிரவனைப் பிடித்துக்கொண்டதாக எண்ணினர். கதிரவன் எங்கும் போகவில்லை. அதை யாரும் பிடிக்கவும் இல்லை. நிலவின் நிழல் நம்மீது விழுகிறது, அவ்வளவே.

அந்த நிழலின் கருமையான நடுப்பகுதிக்கு 'அம்ப்ரா' என்று பெயர். இலத்தீனில் நிழல் என்பதே இதன் பொருள். நாம் பிடிக்கும் குடைக்கு 'அம்ப்ரெல்லா' என்ற பெயர் வந்ததும் இதனாலேயே, சிறு நிழல்! வெயிலுக்குப் பிடிக்கும் குடையான 'பாரசோல்' என்பதோ 'சோலைத் தடுப்பது'. கருநிழலைச் சூழ்ந்த மங்கலான பகுதி 'பெனம்ப்ரா'. இதில் உள்ள 'பென்' என்பது 'கிட்டத்தட்ட' என்னும் பொருள் தருவது. கிட்டத்தட்ட நிழல் பெனம்ப்ரா. கிட்டத்தட்டத் தீவு 'பெனின்சுலா', அதாவது தீபகற்பம். முன்பு கண்ட இன்சுலா இங்கே மீண்டும் வந்து நிற்பதைப் பாருங்கள்.

கதிரவனின் கரும்புள்ளிகளிலும் அம்ப்ரா, பெனம்ப்ரா என்னும் பகுதிகள் உண்டு. ஆனால் அங்கே நிழல் ஏதும் இல்லை. தோற்றத்தை வைத்துக் கடனாகத் தரப்பட்ட பெயர்கள் இவை. கரும்புள்ளியின் நடுப்பகுதி சுமார் 4000 கெல்வின் வெப்பநிலையில் இருக்கிறது. சுற்றியுள்ள பரப்பு சுமார் 5800 கெல்வினில் சுடர்வதால் அது கருமையாகத் தெரிகிறதே தவிர, தனியாக எடுத்து வைக்க முடிந்தால் கண்ணைக் கூசச் செய்யும். கரும்புள்ளியின் பெனம்ப்ராவில் வாயுக்கள் வெளிநோக்கிப் பாய்வதை 1909இல் நம் கொடைக்கானல் வானாய்வகத்தில் கண்டறிந்தவர் ஜான் எவர்ஷெட். அவ்விளைவு உலகெங்கும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

மூன்று அடுக்குகள்

கதிரவனின் புற அடுக்குகளின் பெயர்களும் பிரித்தால் எளியவையே. 'ஃபோட்டோ' ஒளி, 'க்ரோமோ' நிறம், 'ஸ்ஃபியர்' கோளம். நாம் காணும் ஒளிரும் வட்டு ஃபோட்டோஸ்ஃபியர், அதாவது ஒளிக்கோளம். சில நூறு கிலோமீட்டர் தடிமனே உள்ள வாயு அடுக்கு இது. காலூன்ற அங்கே தரை கிடையாது. அதன்மேல் உள்ளது க்ரோமோஸ்ஃபியர், நிறக்கோளம். ஹைட்ரஜன் உமிழும் செந்நிற ஒளியால் முழுக் கிரகணத்தின்போது இது சிவந்து தெரியும். எல்லாவற்றுக்கும் வெளியே இருப்பது 'கொரோனா'. இலத்தீனில் மணிமுடி அல்லது மாலை என்று பொருள். நிலவு முழுதும் மறைத்த கணத்தில் கரிய வட்டைச் சுற்றி முத்துநிற ஒளி பரவி நிற்பதைக் கண்டவர்கள் இப்பெயரின் பொருத்தத்தை உணர்வர். 1968இல் ஒரு வகை வைரசை மின்னணு நுண்ணோக்கியில் கண்ட அறிஞர்கள், அதன் விளிம்பு கதிரவனின் கொரோனாவை நினைவூட்டியதால் அதற்கு அப்பெயரைச் சூட்டினர். உலகையே முடக்கிய நோயின் பெயர் வானியலிலிருந்து சென்ற கடனே.

இரு கோடுகள், இரு பெயர்கள்

சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவை நன்கு காட்டும் இரு நிகழ்ச்சிகளை இனிக் காண்போம்.

1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணம் இந்தியாவின் குறுக்கே சென்றது. அந்நாளில் சென்னை மாகாணத்தில் இருந்த குண்டூரில் பிரெஞ்சு அறிஞர் ஜான்சன் நிறமாலைமானியுடன் காத்திருந்தார். சென்னை வானாய்வகத்தின் நார்மன் போக்சன் மசூலிப்பட்டினத்தில் இருந்தார். கதிரவனின் விளிம்பில் எழும் செந்தழல்களின் நிறமாலையில் மஞ்சள் நிறக் கோடு ஒன்று தெரிந்தது. சோடியத்தின் மஞ்சள் கோடுகள் 589 நானோமீட்டர் அலைநீளத்தில் அமைபவை. இக்கோடோ 587.6 நானோமீட்டரில் சற்றே விலகி நின்றது. அதே ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்தில் நார்மன் லாக்கியர் கிரகணம் இல்லாமலேயே இக்கோட்டைக் கண்டார். புவியில் அறியப்படாத தனிமம் ஒன்று கதிரவனில் உள்ளது என்ற முடிவுக்கு வந்து, ஹீலியோஸை நினைந்து 'ஹீலியம்' என்று பெயர் வழங்கினார்.

இப்பெயரின் விகுதியைக் கவனியுங்கள். சோடியம், பொட்டாசியம், கால்சியம் என்று உலோகங்களுக்கு இடும் 'இயம்' அது. புதிய தனிமமும் உலோகமே எனக் கருதி இட்ட விகுதி. 1895இல் வில்லியம் ராம்சே யுரேனியக் கனிமம் ஒன்றிலிருந்து ஹீலியத்தைப் பிரித்தபோது அது வாயு என்பது தெளிவாயிற்று. நியான், ஆர்கான், க்ரிப்டான், செனான் என்னும் மந்த வாயுக்களின் வரிசையில் ஹீலியம் மட்டும் இன்றும் உலோக விகுதியுடன் நிற்பது இதனாலேயே. பகுதி சரி, விகுதி தவறு!

அடுத்த ஆண்டு, 1869 ஆகஸ்ட் 7 அன்று, அமெரிக்காவில் தெரிந்த கிரகணத்தின்போது சார்லஸ் யங், வில்லியம் ஹார்க்னஸ் இருவரும் கொரோனாவின் ஒளியில் ஒரு பச்சைக் கோட்டைக் கண்டனர். அதுவும் அறிந்த எத்தனிமத்தோடும் பொருந்தவில்லை. எனவே அதற்குக் காரணமாகக் கருதப்பட்ட தனிமத்திற்குக் 'கொரோனியம்' என்ற பெயர் பின்னர் வழங்கலாயிற்று. ஆனால் தனிம அட்டவணை நிரம்ப நிரம்ப, கொரோனியத்திற்கு இடமே இல்லாமற்போயிற்று. ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்குப் பின்னர், குரோட்ரியன், எட்லென் ஆகியோரின் ஆய்வுகள் புதிரை விடுவித்தன. அது புதிய தனிமமே அன்று. நமக்குப் பழக்கமான இரும்பு! தன் 26 எலெக்ட்ரான்களில் 13ஐ இழந்த இரும்பு அணுவே அப்பச்சை ஒளியை உமிழ்கிறது.

அத்தனை எலெக்ட்ரான்கள் பறிபோக வேண்டுமாயின் வெப்பநிலை பத்து இலட்சம் கெல்வினைத் தாண்ட வேண்டும். 5800 கெல்வின் உள்ள ஒளிக்கோளத்தின் மேலே அதைவிடப் பன்னூறு மடங்கு சூடான கொரோனா எவ்வாறு அமைந்தது? கொரோனியம் என்ற பெயர் மறைந்தது; அதன் இடத்தில் இக்கேள்வி பிறந்தது. இதற்கு முழு விடை காண அறிஞர்கள் இன்றும் முயன்று வருகின்றனர். 2023 செப்டம்பர் 2 அன்று இந்தியா செலுத்திய ஆதித்யா எல்-1 விண்கலம், புவியிலிருந்து 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில் நின்று கொரோனாவை ஆராய்கிறது. அதில் உள்ள முதன்மைக் கருவியின் வகைப்பெயர் 'கொரோனாகிராஃப்'. இதனைப் பிரிக்க இனி உங்களுக்கு என் துணை வேண்டியதில்லை.

காற்று இல்லாத காற்று

இவ்வளவு சூடான கொரோனா ஓரிடத்தில் அடங்கியிருக்க முடியாது, வெளிநோக்கிப் பாய்ந்துகொண்டே இருக்க வேண்டும் என்று 1958இல் யூஜின் பார்க்கர் கணக்கிட்டுக் காட்டினார். அப்பாய்ச்சிக்கு அவர் இட்ட பெயர் 'சோலார் விண்ட்', சூரியக் காற்று. பெயரில் காற்று இருந்தாலும் நாம் மூச்சு விடும் காற்று அன்று இது. பெரும்பாலும் புரோட்டான்களும் எலெக்ட்ரான்களும் நொடிக்குச் சில நூறு கிலோமீட்டர் வேகத்தில் பாயும் ஓட்டம். 2018இல் அவர் பெயர் தாங்கிய விண்கலம் கதிரவனை நோக்கிப் புறப்பட்டதை அவரே நேரில் கண்டார்.

சூரியக் காற்று விண்வெளியில் ஊதிவைத்திருக்கும் பெருங்குமிழி 'ஹீலியோஸ்ஃபியர்'. அது முடியும் எல்லை 'ஹீலியோபாஸ்'. கதிரவனின் ஆட்சி நின்றுபோகும் இடம். 2012 ஆகஸ்டில் வாயேஜர் 1 அந்த எல்லையைக் கடந்தது.

மாணவ நண்பர்களே, இக்கட்டுரையில் வந்த சொற்களில் பெரும்பாலானவை சோல், ஹீலியோஸ், பெரி, அபோ, அம்ப்ரா, ஃபோட்டோ, க்ரோமோ, ஸ்ஃபியர் என்னும் சில உறுப்புகளால் ஆனவை. இதே உறுப்புகள் ஒளியியலிலும் உயிரியலிலும் நிலவியலிலும் மீண்டும் மீண்டும் வரும். ஒரு குறிப்பேட்டில் இடப்பக்கம் சொல்லை உறுப்பு உறுப்பாகப் பிரித்து எழுதுங்கள். வலப்பக்கம் அச்சொல் எதை மறைக்கிறது, எதைத் தவறாகச் சொல்கிறது என்பதை எழுதுங்கள். கொரோனியத்தைப் போலப் பெயர் இருந்து பொருள் இல்லாமற்போவதும் உண்டு. ஹீலியத்தைப் போலப் பெயர் முந்திப் பொருள் பிந்துவதும் உண்டு. இடப்பக்கம் நிரம்பினால் ஆங்கிலம் பழகும். வலப்பக்கமும் நிரம்பினால் இயற்பியல் பழகும்.